ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு, எனக்கு சிசேரியன்: நல்ல பாக்டீரியா மாத்திரை எது வாங்கலாம்?

நீங்கள் எழுதியது இவ்வளவு: 71 வயது அம்மாவுக்கு நிமோனியா வந்து பத்து நாள் ஆன்டிபயாடிக் போட்டார்கள். மருந்து முடிந்து இரண்டு வாரம் ஆகியும் ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை தண்ணீராகப் போகிறது. நீங்கள் ஏழு மாதக் கர்ப்பம், சிசேரியனாக இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "குடலில் நல்ல பாக்டீரியா செத்துப்போச்சு, ப்ரோபயாடிக் சாப்பிட்டால் மூன்று பேருக்கும் நல்லது" என்று உறவினர்கள் சொல்ல, எந்த பிராண்ட் என்று கேட்கிறீர்கள். உண்மையில் இதில் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன: அம்மாவின் போக்குக்குக் காரணம் என்ன, கர்ப்பத்தில் இந்த மாத்திரை தேவையா, சிசேரியனில் பிறக்கும் குழந்தைக்கு எதையாவது ஈடுகட்ட வேண்டுமா. மூன்றுக்கும் விடை வேறு வேறு. அம்மாவின் விஷயம் மட்டும் அவசரம். அவருக்கு முதலில் வேண்டியது மலப் பரிசோதனை, மாத்திரை இல்லை. மருத்துவ நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் இந்தப் பரிசோதனைகளைச் செய்து அறிக்கை எழுதுவதுதான் என் தொழில். நேரில் பார்க்காதவருக்கு மருந்து எழுத எனக்கு உரிமை இல்லை. ஆனால் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும், எதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று சொல்ல முடியும்.

முதலில் குடலில் இருப்பவை என்ன செய்கின்றன என்று பார்ப்போம். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட கணக்குப்படி, சராசரி உடலில் ஏறக்குறைய 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன. மனித செல்கள் 30 லட்சம் கோடி. அதாவது கிட்டத்தட்ட சரிக்குச் சரி. "நம் செல்களைப் போல் பத்து மடங்கு பாக்டீரியா" என்று இன்றும் பகிரப்படும் தகவல் பழைய, தவறான மதிப்பீடு. மொத்த எடை சுமார் 200 கிராம், அதில் பெரும்பகுதி பெருங்குடலில்தான். நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தை அவை நொதிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியனேட், பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடலின் உள்சுவர் செல்களுக்கு பியூட்டிரேட்தான் முக்கிய எரிபொருள். அதை எரிக்க அந்தச் செல்கள் ஆக்ஸிஜனை இழுத்துக்கொள்வதால் குடலுக்குள் ஆக்ஸிஜன் மிகக் குறைவாகவே இருக்கும். சால்மோனெல்லா, ஈ. கோலை வகையறாக்கள் ஆக்ஸிஜன் கிடைத்தால் வேகமாகப் பெருகும். அது கிடைக்காத இடத்தில் அடங்கிக் கிடக்கும்.

இந்தக் காவலுக்கு ஆங்காங்கே மறைமுகச் சான்று தேட வேண்டியதில்லை. 1950-களிலேயே சிகாகோ பல்கலைக்கழகத்தில் மார்ஜரி போன்ஹாஃப், பிலிப் மில்லர் ஆகியோர் எலிகளில் காட்டிவிட்டார்கள். சாதாரண எலிக்கு வாய்வழியாக சால்மோனெல்லா தொற்று வரவைக்க ஏறக்குறைய ஒரு லட்சம் கிருமிகள் தேவைப்பட்டன. ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்த எலிக்குப் பத்துக்கும் குறைவான கிருமிகளே போதுமாயின. குடல் பாக்டீரியாக்களைப் பற்றி வரும் ஆயிரம் செய்திகளில் எதை உறுதியாகப் பிடித்துக்கொள்வது என்று கேட்டால், இதைத்தான் சொல்வேன்: உள்ளே இருக்கும் கூட்டம் கலையாமல் இருப்பதே பெரிய பாதுகாப்பு. கலைந்தபின் வெளியிலிருந்து இரண்டு மூன்று வகைகளைக் கொண்டுவந்து சேர்ப்பது அதற்கு ஈடாகும் என்பதற்கான சான்று மிகவும் பலவீனம்.

அம்மாவின் வயிற்றுப்போக்கில் நான் முதலில் சந்தேகப்படுவது க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி, மருத்துவமனைகளில் சி. டிஃப் என்பார்கள். இது வித்து நிலையில் பல மாதங்கள் தரையிலும் கழிப்பறையிலும் உயிரோடு கிடக்கும், வாய்வழியாக உள்ளே போகும். கல்லீரல் சுரக்கும் முதல்நிலைப் பித்த அமிலங்கள் அந்த வித்துகளை முளைக்கத் தூண்டுபவை. ஆரோக்கியமான குடலில் சில பாக்டீரியாக்கள் அந்த அமிலங்களை வேறு வடிவத்துக்கு மாற்றிவிடும். மாறிய வடிவம் சி. டிஃப் வளர்வதைத் தடுக்கும். ஆன்டிபயாடிக்கில் அந்தப் பாக்டீரியாக்கள் போய்விட்டால் முளைப்பதற்கான தூண்டுதல் மிஞ்சும், தடை இருக்காது. முளைத்த கிருமி விடும் நச்சு குடல் சுவரைப் புண்ணாக்கும். கிளிண்டாமைசின், செஃப்ட்ரையாக்ஸோன் போன்ற செஃபலோஸ்போரின்கள், சிப்ரோஃப்ளாக்ஸசின் குடும்பம், அமாக்ஸிசிலின்-கிளாவுலானிக் அமிலம் ஆகியவற்றுக்குப் பிறகு இது அதிகம். 65 வயதுக்கு மேல் ஆபத்து கூடும். மருந்து முடிந்த முதல் மாதத்தில்தான் அதிக ஆபத்து. மூன்று மாதம் வரை கவனமாக இருக்க வேண்டும். ஆக உங்கள் அம்மா சரியாக அந்தக் காலகட்டத்தில் இருக்கிறார். "கேஸ் மாத்திரை" என்று காலையில் வெறும் வயிற்றில் போடும் பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் இரண்டுக்கும் இந்தத் தொற்றோடு தொடர்பு காணப்பட்டிருக்கிறது. அம்மா அதைப் பழக்கத்தினால் மட்டும் தொடர்கிறாரா, இன்னும் தேவைப்படுகிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அதேசமயம், ஆன்டிபயாடிக்குக்குப் பிந்தைய வயிற்றுப்போக்கில் பெரும்பாலானவை சி. டிஃப் அல்ல. செரிக்காத மாவுச்சத்தை நொதிக்கவைக்க ஆளில்லாமல் அது தண்ணீரை இழுப்பதாலும் போகும். அது பெரும்பாலும் மருந்து நின்ற சில நாட்களில் தானே அடங்கும். சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மினாலும் போகலாம். முதியவர்களுக்கு இறுகிய மலம் அடைத்துக்கொண்டு, அதைச் சுற்றி நீர் மட்டும் கசிவதும் உண்டு. பார்ப்பதற்கு வயிற்றுப்போக்கு போலவே இருக்கும், டாக்டர் கையால் சோதித்தால்தான் தெரியும். அதனால்தான் ஊகிக்காமல் பரிசோதிக்கச் சொல்கிறேன்.

மலப் பரிசோதனை என்றால் எல்லா லேபும் செய்யும் சாதாரண "மோஷன் டெஸ்ட்" இதற்கு உதவாது. சீட்டில் "சி. டிஃபிசில் ஜிடிஎச் மற்றும் டாக்ஸின்" என்று தனியாக எழுதியிருக்க வேண்டும். 24 மணி நேரத்தில் மூன்று முறையாவது இளகிப் போயிருக்க வேண்டும். மாதிரி டப்பாவின் வடிவத்துக்குத் தளர்ந்து படியும் அளவுக்கு நீர்த்திருக்க வேண்டும். உருவான மலத்தை நாங்கள் திருப்பி அனுப்பிவிடுவோம், ஏனென்றால் நோயில்லாமல் கிருமியைச் சுமப்பவர்களிடமும் பாசிட்டிவ் வந்து குழப்பும். நடைமுறையில் அடிக்கடி கெடுவது நேரத்தால்: நச்சு அறை வெப்பத்தில் சில மணி நேரத்திலேயே சிதைந்துபோகும். காலை ஆறு மணிக்கு எடுத்த மாதிரியை வீட்டில் வைத்துவிட்டுப் பதினோரு மணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால், நோய் இருந்தும் டாக்ஸின் நெகட்டிவ் வரலாம். இரண்டு மணி நேரத்துக்குள் கொடுங்கள். முடியாவிட்டால் ஐஸ் வைத்த டப்பாவில் கொண்டுபோங்கள். ஜிடிஎச் என்பது கிருமி இருக்கிறதா என்று காட்டும், டாக்ஸின் அது நச்சு விடுகிறதா என்று காட்டும். இரண்டும் பாசிட்டிவ் என்றால் விஷயம் தெளிவு. இரண்டும் நெகட்டிவ் என்றால் வேறு காரணம் தேட வேண்டும். ஜிடிஎச் மட்டும் பாசிட்டிவ் என்றால் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனை தேவைப்படும், அதன் முடிவையும் அறிகுறியோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். கூடவே ரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளணு 15,000-ஐத் தொட்டாலோ கிரியேட்டினின் 1.5-க்கு மேல் போனாலோ அதைத் தீவிர நோயாகக் கொள்வார்கள்.

உறுதியானால் வான்கோமைசின் அல்லது ஃபிடாக்ஸோமைசின் வாய்வழியாகப் பத்து நாள் கொடுப்பது வழக்கம். வான்கோமைசினை ரத்தக்குழாயில் ஏற்றினால் அது பெருங்குடலுக்குள் போய்ச் சேராது, குடிக்கத்தான் வேண்டும். முடிவு வரும் வரை போக்கை நிறுத்தும் லோபரமைடை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். ஓஆர்எஸ் கொடுங்கள்: பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் முழுப் பாக்கெட்டையும் ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். பாதிப் பாதியாக டம்ளரில் கலக்கும்போதுதான் உப்பின் அளவு தவறிப்போகிறது. பாக்கெட் இல்லாத நேரத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. வீட்டில் கர்ப்பிணி இருப்பதால் இதையும் சொல்ல வேண்டும்: சானிட்டைசர் இந்த வித்துகளைக் கொல்லாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் அவற்றைக் கையிலிருந்து அகற்றும். கழிப்பறைக்கு பிளீச்சிங் கரைசல் வேண்டும். சிகிச்சை முடிந்து போக்கு நின்றதும் "கிருமி போய்விட்டதா" என்று மறுபடியும் பரிசோதிக்காதீர்கள். குணமானவரிடமும் பல வாரம் பாசிட்டிவ் வரும். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது திரும்ப வரும், அப்போது மீண்டும் இளகிப் போவதுதான் அடையாளம்.

இனி அம்மாவுக்கு ப்ரோபயாடிக். ஆன்டிபயாடிக் தொடங்கும்போதே சேர்த்துக் கொடுத்தால் சி. டிஃப் வருவதைக் குறைக்குமா என்று நிறைய ஆய்வுகள் உண்டு. மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால், ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு ஓரளவு பயன் தெரிகிறது. ஆனால் முதியவர்களில் செய்த மிகப் பெரிய ஆய்வு, பிரிட்டனில் 65 வயது தாண்டிய சுமார் மூவாயிரம் உள்நோயாளிகளிடம் நடத்தி 2013-ல் வெளிவந்தது, ஒரு வித்தியாசமும் காணவில்லை: ப்ரோபயாடிக் வாங்கியவர்களில் 10.8 சதவீதம் பேருக்கும், மருந்தில்லாத வெறும் மாத்திரை வாங்கியவர்களில் 10.4 சதவீதம் பேருக்கும் வயிற்றுப்போக்கு வந்தது. உங்கள் அம்மா அந்தக் கட்டத்தையும் தாண்டிவிட்டார். வந்துவிட்ட சி. டிஃப்பைக் குணமாக்க எந்த மாத்திரையையும் நம்ப முடியாது. ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு பதினொரு வகைக் கலவை சாப்பிட்டவர்களில் அவர்களுடைய சொந்தப் பாக்டீரியாக்கள் திரும்பி வருவதே தாமதமானது என்று 2018-ல் ஓர் இஸ்ரேலிய ஆய்வு காட்டியது. சிறிய ஆய்வுதான், 21 பேர். அதனால் அதை முடிவாகக் கொள்ளவில்லை, ஆனாலும் "எப்படியும் நல்லதுதானே" என்ற எண்ணத்துக்கு அது தடை போடுகிறது. ப்ரோபயாடிக்காக விற்கும் சாக்கரோமைசிஸ் பவுலார்டி என்பது ஈஸ்ட். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து அதைப் பாதிக்காது என்பது அதன் வசதி. ஆனால் கழுத்து ரத்தக்குழாயில் டியூப் போட்டிருப்பவர்களுக்கும் எதிர்ப்பு சக்தி மிகக் குறைந்தவர்களுக்கும் அது ரத்தத்தில் கலந்து தொற்றாகியிருக்கிறது. அம்மா இன்னும் மருத்துவமனைக்குப் போய்வந்துகொண்டிருந்தால் இதை நர்ஸிடம் சொல்லாமல் கொடுக்கக்கூடாது.

கூட்டத்தையே மாற்றி வைப்பது பலிக்கும் என்பதற்குச் சான்று உண்டு, அது வேறு சிகிச்சை. ஆரோக்கியமானவரின் மலத்தைப் பதப்படுத்திக் குடலுக்குள் செலுத்துவது. அடிக்கடி திரும்பும் சி. டிஃப் நோயாளிகளிடம் நெதர்லாந்தில் செய்து 2013-ல் வெளியான ஆய்வில், முதல் தடவையிலேயே 16 பேரில் 13 பேர் குணமானார்கள். வான்கோமைசின் மட்டும் பெற்ற 13 பேரில் 4 பேர். வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். இணையத்தில் பார்த்துவிட்டு இதை வீட்டில் முயல்பவர்களுக்காக ஒரு தகவல்: 2019-ல் அமெரிக்காவில், சரியாகப் பரிசோதிக்கப்படாத கொடையாளரின் மலத்திலிருந்த மருந்துக்கு அடங்காத ஈ. கோலை இரண்டு பேருக்குத் தொற்றி, ஒருவர் இறந்தார்.

உங்கள் கர்ப்பத்துக்கு வருகிறேன். மூன்றாம் பருவத்தில் குடல் பாக்டீரியாக்கள் பெரிதும் மாறுகின்றன என்று 2012-ல் ஓர் ஆய்வு சொன்னது. பின்னால் வந்த சில ஆய்வுகளில் அந்த அளவு மாற்றம் தெரியவில்லை. கர்ப்பகால நீரிழிவைத் தடுக்க ப்ரோபயாடிக் உதவும் என்ற நம்பிக்கையை மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 2021-ல் அலசியது. நீரிழிவில் தெளிவான பயன் இல்லை. மாறாக, கர்ப்பகால ரத்த அழுத்த நோயான ப்ரீ-எக்ளாம்ப்சியா கூடுதலாக வந்திருந்தது. ஏன் என்பதற்கு விளக்கம் இல்லை. ஆனால் அவசியமில்லாத ஒரு மாத்திரைக்கு எதிராக இதுவே எனக்குப் போதும்: ஏழாம் மாதத்தில் "சும்மா நல்லதுக்கு" என்று இதைத் தொடங்காதீர்கள். வீட்டுத் தயிர் வேறு விஷயம். காய்ச்சிய பாலில் உறை ஊற்றியதைத் தாராளமாகச் சாப்பிடலாம். காய்ச்சாத பாலையும் அதில் செய்த மென்மையான சீஸையும்தான் தவிர்க்க வேண்டும், அவற்றில் இருக்கக்கூடிய லிஸ்டீரியா என்ற கிருமி நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையைத் தாக்கும். இன்னொரு பயம்: "ஆன்டிபயாடிக் கெடுதல்" என்று படித்துவிட்டு, சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுத்த மாத்திரையைப் பாதியில் விடுபவர்கள் உண்டு. கர்ப்பத்தில் சிகிச்சையில்லாத சிறுநீர்த் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறும், குறைப்பிரசவத்துக்கும் வழி செய்யும். சிசேரியனுக்குக் கத்தி வைக்குமுன் போடும் ஆன்டிபயாடிக் ஊசி, தாய்க்கு வரும் காயத் தொற்றையும் கருப்பைத் தொற்றையும் பாதிக்கும் மேல் குறைக்கிறது. இரண்டையும் மறுக்காதீர்கள். தேவையான இடத்தில் போடும் ஆன்டிபயாடிக்கும் சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் கடையில் கேட்டு வாங்கிப் போடுவதும் ஒன்றல்ல. குடலைக் காப்பாற்ற வேண்டுமென்றால் நிறுத்த வேண்டியது இரண்டாவதை.

சிசேரியன் குழந்தைகளின் குடல் தொடக்கத்தில் வேறுபடுகிறது, இதில் சந்தேகமில்லை. பிரிட்டனில் கிட்டத்தட்ட 600 குழந்தைகளைப் பார்த்து 2019-ல் வெளியிட்ட ஆய்வில், சிசேரியனில் பிறந்தவர்களிடம் குடலில் இயல்பாக வாழும் பாக்டீராய்டிஸ் குறைவாகவும், என்டெரோகாக்கஸ், க்ளெப்சியெல்லா போன்ற மருத்துவமனைச் சூழல் கிருமிகள் அதிகமாகவும் இருந்தன. மாதங்கள் ஆக ஆக வித்தியாசம் பெருமளவு குறைகிறது. பின்னாளில் ஆஸ்துமா, உடற்பருமன் சற்று அதிகம் என்ற புள்ளிவிவரங்கள் உண்டு. ஆனால் சிசேரியன் தேவைப்பட்ட காரணம், தாயின் எடை, கொடுத்த மருந்து எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. பாக்டீரியாதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. தாயின் பிறப்புறுப்புத் திரவத்தைத் துணியில் எடுத்துக் குழந்தையின் மேல் தடவும் முறையைக் கேட்காதீர்கள். ஹெர்ப்பீஸ், பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்றவையும் கூடவே போகும். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கமும் ஆராய்ச்சிக்கு வெளியே இதைச் செய்ய வேண்டாம் என்கிறது.

குழந்தைக்கு உங்களால் நிச்சயமாகச் செய்ய முடிந்தது தாய்ப்பால். ஒரு லிட்டர் தாய்ப்பாலில் 5 முதல் 15 கிராம் வரை ஒருவகைச் சர்க்கரைத் தொடர்கள் இருக்கின்றன. அவற்றைக் குழந்தையால் செரிக்க முடியாது. அவை பிஃபிடோபாக்டீரியம் என்ற நல்ல பாக்டீரியா வகைகளுக்கான உணவு. அந்தப் பாக்டீரியாக்கள் வளர வளர மலம் அமிலத்தன்மை அடைந்து கேடு செய்பவற்றை அடக்கும். சிசேரியன் ஆனால் மயக்கத்தைக் காரணம் காட்டிப் பால் புகட்டுவதைத் தள்ளிப்போடுவார்கள். முதுகில் ஊசி போட்டுச் செய்யும் அறுவையென்றால் நீங்கள் விழித்துத்தான் இருப்பீர்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடச் சொல்லி இப்போதே டாக்டரிடம் பேசி வையுங்கள், பவுடர் பால் கொடுக்குமுன் உங்களைக் கேட்கச் சொல்லுங்கள். சேனை தொட்டு வைப்பது, கழுதைப்பால் புகட்டுவது, நாக்கில் தேன் தடவுவது மூன்றும் வேண்டாம். தேனில் பொட்டுலிசம் கிருமியின் வித்து இருக்கலாம். பெரியவர்கள் குடலில் ஏற்கெனவே நிறைந்திருக்கும் பாக்டீரியாக்கள் அதை முளைக்க விடுவதில்லை. ஒரு வயதுக்குள் அந்தக் கூட்டம் முழுமையாக அமைவதில்லை, வித்து முளைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சை விடும். பாட்டி அன்போடு வைக்கும் ஒரு சொட்டானாலும் மறுத்துவிடுங்கள்.

பச்சிளம் குழந்தைக்கு ப்ரோபயாடிக் பலித்ததற்கு நம் நாட்டிலேயே முக்கியமான ஆய்வு இருக்கிறது. ஒடிசா கிராமங்களில் 4,556 குழந்தைகளிடம் நடத்தி 2017-ல் வெளியிட்டார்கள். லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் என்ற பாக்டீரியாவின் ஒரு குறிப்பிட்ட ரகத்தை, அதற்கான உணவுச் சர்க்கரையோடு, பிறந்த சில நாளில் தொடங்கி ஏழு நாள் கொடுத்தார்கள். ரத்தத் தொற்றோ மரணமோ நேர்ந்தவர்கள் 9 சதவீதத்திலிருந்து 5.4 ஆகக் குறைந்தார்கள். எனக்கு மிகவும் மதிப்புள்ள ஆய்வு இது. ஆனால் பலித்தது அந்த ஒரு ரகம், அந்த அளவு, நிறைமாதமாகவோ அதை ஒட்டியோ பிறந்த, தாய்ப்பால் குடித்த குழந்தைகள். மருந்துக்கடையில் பெயர் ஒத்திருக்கும் வேறு சாஷே அதே வேலையைச் செய்யும் என்று பொருளில்லை. குறைமாதக் குழந்தை என்றால் இந்த முடிவு முழுக்க குழந்தை மருத்துவருடையது. அவர்களில் அரிதாக ப்ரோபயாடிக் பாக்டீரியாவே ரத்தத்தில் கலந்து உயிர் போயிருக்கிறது.

முதுமை பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். தயிர்ப் பாக்டீரியா ஆயுளை நீட்டும் என்று நூறாண்டுக்கு முன்பே நோபல் பெற்ற விஞ்ஞானி மெச்னிகாஃப் நம்பினார். இன்றுவரை மனிதர்களில் அது நிரூபணமாகவில்லை. அயர்லாந்தின் கார்க் நகரில் 178 முதியவர்களைப் பார்த்த 2012 ஆய்வில், நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் இருந்தவர்களின் குடல் பாக்டீரிய வகைகள் குறைந்திருந்தன, உடல் தளர்ச்சியும் அதிகம். அவர்கள் உணவும் மாறியிருந்தது, அதனால் எது முன், எது பின் என்று பிரிக்க முடியவில்லை. ஐந்து ஐரோப்பிய நாடுகளில் 65 முதல் 79 வயதுள்ள 612 பேரிடம் காய்கறி, பருப்பு, மீன் நிறைந்த உணவை ஓராண்டு கொடுத்துப் பார்த்ததில், அதைச் சரியாகக் கடைப்பிடித்தவர்களின் குடல் பாக்டீரியாக்களிலும் தளர்ச்சி அளவைகளிலும் சிறு நல்ல மாற்றம் தெரிந்தது. உணவின் பக்கம் சாய்வதற்கு இது போதுமான காரணம்.

அம்மாவுக்குப் போக்கு நிற்கும் வரை குழைந்த சோறு, இட்லி, மோர் போதும். இந்த நேரத்தில் நார்ச்சத்தைத் திணிக்காதீர்கள். நின்று ஒரு வாரம் ஆனபின் மெதுவாக ஏற்றுங்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 25 கிராம் நார்ச்சத்தாவது வேண்டும் என்கிறது. ஒரு கப் வெள்ளைச் சோற்றில் ஒரு கிராம் கூடத் தேறாது. ஒரு கப் வெந்த கொண்டைக்கடலையில் 12 கிராம் அளவுக்கு இருக்கும். திடீரென்று ஒரு கப் சுண்டல் கொடுத்தால் வயிறு உப்பி, "எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்று அதோடு விட்டுவிடுவார். இரண்டு ஸ்பூனில் தொடங்கி, நன்றாகக் குழைய வேகவைத்து, மூன்று நாளுக்கு ஒரு முறை கூட்டிக்கொண்டே போங்கள், தண்ணீரையும் கூடவே கூட்டுங்கள். பல் சரியில்லை என்றால் பயறு மசியல், கீரை மசியல், கேழ்வரகுக் கூழ். இட்லி மாவு புளிப்பது பாக்டீரியாவால்தான். ஆவியில் வேகும்போது அவை செத்துவிடும். அதனால் இட்லி எளிதில் செரிக்கும் நல்ல உணவு, ஆனால் உயிருள்ள பாக்டீரியாவுக்கு மோரைத்தான் நம்ப வேண்டும். மலத்தை அனுப்பினால் "குடல் மதிப்பெண்" தரும் ஆயிரக்கணக்கான ரூபாய் டெஸ்டுகளை வாங்காதீர்கள். ஒரே மாதிரியை இரண்டு நிறுவனத்துக்கு அனுப்பினால் வேறு வேறு அறிக்கை வரலாம், இயல்பு அளவு இதுதான் என்று யாரும் வரையறுக்கவில்லை.

நாளைக்கே டாக்டரிடம் போகும்போது அம்மா போட்ட எல்லா ஆன்டிபயாடிக் அட்டைகளையும், தொடங்கிய முடிந்த தேதிகளையும், கேஸ் மாத்திரை உட்பட இப்போது போடும் மருந்துகளையும், கடந்த இரண்டு நாளில் எத்தனை முறை போனது என்ற கணக்கையும் எடுத்துப் போங்கள். 38.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், மலத்தில் ரத்தம், வயிறு உப்பி வலிப்பது, ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காதது, பேச்சில் குழப்பம், இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளைக்குக் காத்திருக்காமல் இன்றிரவே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அதிகமாகப் போய்க்கொண்டிருந்த போக்கு திடீரென்று நின்று வயிறு மட்டும் வீங்கினால் குணமாகிறது என்று நினைத்துவிடாதீர்கள், குடல் இயக்கமே நின்றுபோனதன் அடையாளமாக அது இருக்கலாம்.